பிரேக்கம்மா இடம் மாறி உட்கார்ந்த கதை

பிரேக்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியரின் காலடியில். கற்றுக்கொள்ள வந்தவர் பதறிப்போய் எல்லாவற்றையும் கைவிட்டாலும் கார் நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி. அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே கிடந்து பழகிய கால் வேலை முடிந்த பிறகும் ஓய்வதில்லை. பேருந்தில் ஏறினால் தரையை மிதிக்கும். டிவியில் யாராவது காரில் யாரையாவது துரத்தினால் சோபாவுக்கு அடியில் மிதிக்கும். கணவர் வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினால்கூட மிதிக்கும். பிரேக்கம்மா என்ற பெயர் அதனால் வந்தது, சொந்தப் பெயர் சம்பள ரசீதில் மட்டும் மிச்சமிருந்தது.

வாய் அதற்கு நேர் எதிர். அந்த வாய்க்குப் பிரேக்கே கிடையாது. குறுக்கே வந்த லாரியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, ஓட்டுகிறவனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் விடுவாள். முதல் நாள் வந்து கைகால் நடுங்குகிறவர்களிடம், "என்னத்துக்குப் பயம்? கார் உங்கள கடிக்குமா? நான் இருக்கேன்ல" என்பாள். அந்த "நான் இருக்கேன்ல" என்ற ஒரு வார்த்தைக்காகவே அவளிடம் கற்றுக்கொள்ள ஆறு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு. தைரியத்துக்கு இன்னொரு பெயர் பிரேக்கம்மா என்று பள்ளி முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

அந்தத் தைரியசாலி ஒன்பது வருடமாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

இதை யாரும் கண்டுபிடிக்காமல் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டால், அதில்தான் அவளுடைய மூளை இருக்கிறது. காலையில் ஷெட்டிலிருந்து காரை யாராவது எடுத்து வர வேண்டுமே? "வண்டிய வெளிய எடுக்கறதுதான் மொதப் பாடம்" என்று விதி போட்டாள். முதல் மாணவர் நேராக ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். பெட்ரோல் போடுவது ஒரு பாடம். காற்றுப் பிடிப்பது ஒரு பாடம். சாயங்காலம் கடைசி மாணவர் காரை ஷெட்டில் விட்டுச் சாவியை மாட்டுவது தேர்ச்சிப் பாடம். மற்றப் பள்ளிகளில் ஆசிரியரே காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது, இவளிடம் படித்தவர்கள் மட்டும் எப்பேர்ப்பட்ட சந்திலும் வண்டியை நிறுத்தி எடுத்தார்கள். முதலாளி அசந்துபோய் இதையே பள்ளியின் சிறப்பு முறை என்று பலகையில் எழுதி மாட்டினார். பயத்துக்குக் கட்டிய சப்பைக்கட்டு பலகையில் ஏறி மின்விளக்கும் போட்டுக்கொண்டது.

வீட்டில் நாத்தனார் விடமாட்டாள். "அண்ணி, ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துத் தர்றீங்க, என்னைய ஒரு நாளாவது கூட்டிட்டுப் போகலாம்ல?" என்பாள். "பூரா நாளும் காருக்குள்ளதான் கெடக்கறேன், லீவு நாள்லயும் அதேவா? சமையல்காரர் வீட்டுக்குப் போய் சமைப்பாரா?" என்பாள் இவள். சமையல்காரர்கள் வீட்டில் சமைக்கிறார்கள் என்பது நாத்தனாருக்கும் தெரியும். ஆனால் அண்ணியின் குரலில் ஒரு சூடு ஏறும், பேச்சு அங்கே நின்றுவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். மழை விட்ட ஒரு காலை. அவள் தனியாகத் தன் சொந்தக் காரில் போய்க்கொண்டிருந்தாள். இறக்கத்தில் ஒரு வளைவு. கார் வழுக்கியது, ஓரத்துப் பள்ளத்தில் கவிழ்ந்தது. சீட் பெல்ட்டில் தலைகீழாக நாற்பது நிமிடம் தொங்கினாள். வெளியே எடுத்தபோது முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். கொடுத்துவைத்தவள் என்றார்கள் எல்லாரும். அவளும் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வௌவால் மாதிரி தொங்கினேன். தலைக்கு ரத்தம் ஏறி அன்னியிலேருந்து முடி கொட்டறது நின்னுபோச்சு." கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதை அவள் கண்டுகொண்டாள்.

அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கார் வழுக்கியபோது பிரேக்கை மிதித்தோமா? அவளுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த இரண்டு விநாடி வரவில்லை. ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள், தனக்கென்று வந்தபோது காலை எங்கே வைத்திருந்தாள் என்றே தெரியாதவள். வலியைவிட அந்த அவமானம்தான் அவளை அரித்தது. சிராய்ப்பு ஆறியதும் சொந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டாள். பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்து, அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தவள்தான், எடுக்கவேயில்லை.

அதை மோப்பம் பிடித்தது ஒரு மாணவி. மனநல ஆலோசகர், நாற்பதைத் தாண்டியவர், நான்கு மாதமாக வருகிறார், கார் இன்னும் அவர் சொன்ன பேச்சைக் கேட்டபாடில்லை. நடைபாதையில் சக்கரத்தை ஏற்றிவிட்டு, "இது என்னோட சின்ன வயசு அனுபவத்தோட தொடர்பு" என்பார். "இது உங்க கால் கிளட்சுல இல்லாததோட தொடர்பு" என்பாள் பிரேக்கம்மா. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது.

ஒரு நாள் காரை ஓரம்கட்டச் சொல்லி, சந்தில் எப்படித் திருப்புவது என்று பிரேக்கம்மா வாயாலேயே விளக்கிக்கொண்டிருந்தாள். ஆலோசகர் சாவியை நீட்டினார்.

"மேடம், எனக்குப் புரியல. நீங்க ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன்."

"நான் ஓட்டினா நீங்க எப்படிக் கத்துக்குவீங்க?"

"நாலு மாசத்துல ஒரு தடவகூட நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காந்ததில்ல."

"அதான் என் முறை. பலகையிலயே எழுதியிருக்கு."

ஆலோசகர் சாவியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கிட்ட வர்றவங்க நெறையப் பேர் இப்படித்தான் மேடம். பயத்துக்கு மேல நியாயமா ஒரு காரணத்தப் போட்டு மூடிடுவாங்க. சிலர் அதையே ஜோக்கா ஆக்கிடுவாங்க. சிலர் தனக்கு இருக்கற பயத்த எதிர்ல இருக்கறவங்க மேல ஏத்திப் பாத்து, அவங்களுக்குத் தைரியம் சொல்லிட்டே இருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் இருக்கு."

பிரேக்கம்மாவுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. "பேர் இருந்தா? பேர் தெரிஞ்சா பிரேக் பிடிக்குமா? நாலு மாசமா முதல் கியர்லயே நிக்கறீங்க, அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கீங்களா? மொதல்ல உங்க கால ஒழுங்கா வையுங்க. அப்புறம் என் தலைக்குள்ள எட்டிப் பாக்கலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், குளியலறைக் குழாய் சொட்டுகிறதென்று கணவரைப் பிடித்து அரை மணி நேரம் வறுத்தெடுத்தாள். குழாய் ஒரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பயிற்சி ஆசிரியர்கள் அனைவரும் தேர்வு அதிகாரி முன்பு மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாதவர்களுக்கு ஆசிரியர் உரிமம் கிடையாது. ஆறு வாரம் அவகாசம். பிரேக்கம்மா அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை படித்து முடித்தபோது உள்ளங்கை ஈரம் பட்டு காகிதத்தின் ஓரம் நைந்திருந்தது.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் எதையும் பூசி மெழுகிவிடுவார். அவருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும்போலிருந்தது. மறுநாளே ஒரு உறையை நீட்டினார். தெரிந்த மருத்துவர் கொடுத்த சான்றிதழ். முதுகுத் தண்டில் கோளாறு, வாகனம் ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. "இத வெச்சா டெஸ்டுலேருந்து விலக்கு. நீங்க வகுப்புல உக்காந்து சாலை விதி மட்டும் சொல்லிக் குடுங்க. சம்பளம் அப்படியே. வண்டிக்கு என் மச்சானப் போட்டுக்கறேன். இத்தன வருசம் உழைச்சீங்க, ஏன் கஷ்டப்படணும்?"

பிரேக்கம்மா உறையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பொய் சொல்வானேன், அன்று பூராவும் அவளுக்கு அது இனித்தது. ஒன்பது வருடமாகத் தன் கையால் கட்டிய சப்பைக்கட்டுக்கு முத்திரையும் கையெழுத்தும் வந்துவிட்டது. இனிமேல் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. முதுகு வலி என்று சொன்னால் ஊரே தலையாட்டும்.

கணவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசாதவர். சான்றிதழைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"வெச்சுக்கோ. நல்லதுதான."

"முதுகுல எனக்கு என்ன கேடு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

அவர் தண்ணீர் குடித்தார். "எனக்குத் தெரியும்மா. ஆரம்பத்துலயே தெரியும். புதுசா கார் வாங்கலாம்னு நீ ரெண்டு தடவ சும்மா சொன்ன, எனக்கு பஸ்தான் வசதின்னு நான் சொன்னேன்ல? பஸ்ஸுல எனக்கு என்ன வசதி. நின்னு நின்னு கால் வீங்குது."

பிரேக்கம்மாவுக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் பின்னால், எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஒன்பது வருடமாக ஒரு மனிதர் பேருந்தில் நின்றுகொண்டே போயிருக்கிறார், இவள் பயத்துக்கு இவள் சொன்ன காரணம் போதாதென்று அவரும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். முதலாளி ஒன்று சேர்த்தார், மருத்துவர் ஒன்று சேர்த்தார். ஆளாளுக்குப் போர்வை போர்த்தி அவளை மூச்சுமுட்ட வைத்திருக்கிறார்கள். முதல் போர்வையை எடுத்துக் கொடுத்தவள் அவளேதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது, அது இன்னும் எரிந்தது.

காலையில் உறையை முதலாளி மேஜையில் வைத்தாள். "முதுகு நல்லாத்தான் இருக்கு. எனக்கு இருக்கறது பயம். அதுக்குச் சான்றிதழ் இருந்தா குடுக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் வெளிய சொல்லாதீங்கம்மா" என்று முதலாளி அலறாத குறை. "பள்ளிக்கூடத்துப் பேர் என்னாகறது?"

"உங்க பலகையில எழுதி மாட்டியிருக்கீங்களே சிறப்பு முறைன்னு, அதுவே இந்தப் பயந்தான். நல்லாத்தான சம்பாதிச்சுக் குடுத்துது?"

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்குப் போனாள். கணவரும் கூடப் போனார். முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். என்ஜினை முடுக்கவில்லை. நான்கு நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் ஏழு நிமிடம். மூன்றாம் நாளும் வாந்திதான், ஆனால் வாயைக் கழுவிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வாந்தி நின்றது. நடுக்கம் நிற்கவில்லை. நிற்கட்டும் என்று காத்திருந்தால் ஆறு வாரம் போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது. நடுங்கிக்கொண்டே சாவியைத் திருப்பினாள்.

கார் ஷெட்டை விட்டு ஊர்ந்து வெளியே வந்தது, முனகியது, குலுங்கியது, அணைந்தது. மறுபடி முடுக்கினாள். மறுபடி அணைந்தது. ஐந்து முறை. முதல் நாள் மாணவன்கூட இத்தனை முறை அணைக்கமாட்டான். என்ஜினில் ஏதோ கோளாறு என்று இறங்கி மூடியைத் திறந்து பார்த்தாள், மெக்கானிக்கைத் திட்டினாள், போன மாதம் மாற்றிய பிளக்கைத் திட்டினாள். பின்னால் நின்றிருந்த கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது.

"எனக்கென்ன தெரியும்... ஆனா நீ உள்ள உக்காந்திருக்கற வரைக்கும் பின்னாடி செகப்பு வெளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கு. அது அணையவே இல்ல."

பிரேக் விளக்கு. பிரேக்கம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கால் தானாகப் போய்ப் பிரேக்கில் உட்கார்ந்திருந்தது. ஆசிரியர் பக்கத்தில் முடுக்கி, அதாவது ஆக்ஸிலரேட்டர், கிடையாது, பிரேக்கை விட்டு எங்கேயும் போகவேண்டிய தேவை அந்தக் காலுக்கு இருந்ததே இல்லை. ஒரு காலால் பிடித்துக்கொண்டே, ஏன் நகரவில்லை என்று வண்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இதைப் போய் ஒரு மாணவர் செய்திருந்தால் அவள் என்ன பாடு படுத்தியிருப்பாள்?

அந்தப் பாட்டையே தனக்கும் படுத்தினாள். "கால எடுங்க" என்றாள் சத்தமாக, வெறும் காருக்குள். "எடுங்கன்னு சொல்றேன்ல. எங்க வெச்சிருக்கீங்க கால? வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாமே." அவள் யாரையும் நீங்க, வாங்க என்று மரியாதையோடுதான் திட்டுவாள், தன்னையும் அப்படியே திட்டினாள். கால் எழுந்தது. கார் ஓடியது. பத்தடி போனதும் பழையபடி பிரேக்குக்கு வந்தது. மறுபடி திட்டு. இப்படியே தெருவைச் சுற்றி வந்தாள், தன்னைத்தானே ஏசிக்கொண்டு. பால் வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கண்ணாடியை இன்னும் கீழே இறக்கினாள்.

ஆலோசகரிடம் ஒரு நாள் தானாகவே சொன்னாள். "நீங்க சொன்னது சரிதான். எல்லாம் செஞ்சேன். ஜோக், காரணம், அடுத்தவங்களுக்குத் தைரியம், ஒண்ணு விடல."

"அது தப்பில்ல மேடம். அதெல்லாம் இல்லேன்னா நீங்க ஒன்பது வருசம் வேலைக்கே வந்திருக்க முடியாது" என்றார் ஆலோசகர். சொல்லிக்கொண்டே நடைபாதையில் சக்கரத்தை ஏற்றினார்.

தேர்வு நாள் வந்தது. பிரேக்கம்மாவே காரை ஓட்டிக்கொண்டு போனாள், கணவர் பின் இருக்கையில். அலுவலக மைதானத்தில் மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பதினோரு பேர் இருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். கனரக வண்டி சொல்லித் தரும் ஒரு மீசைக்காரர், "நமக்கே டெஸ்டா, கண்ண மூடிட்டு ஓட்டுவோம்" என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றை மூன்றாவது முறை சொல்கிறவருக்குள் என்ன இருக்கும் என்று பிரேக்கம்மாவுக்கு நன்றாகவே தெரியும். முகத்தைப் பார்க்காமலே தெரியும்.

தேர்வு அதிகாரி பக்கத்து இருக்கையில் ஏறினார். சின்ன வயது, சட்டையில் கஞ்சி மொடமொடப்பு. நேர் சாலை, திருப்பம், பின்னால் எடுப்பது எல்லாம் முடிந்தது. காலைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினாள், வாய்க்குள். கடைசியாக மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். மேட்டின் பாதியில் நிறுத்தினாள். அங்கே கால் ஒட்டிக்கொண்டது.

எடுங்க என்றாள். எடுக்கவில்லை. எடுத்தால் கார் உருளும், உருண்டால் கவிழும், கவிழ்ந்தால் அந்த இரண்டு விநாடி திரும்ப வரும். காது அடைத்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று.

அதிகாரி மனமிரங்கிப் பேசினார். "பயமா இருக்குபோல. பரவாயில்லம்மா. இறங்கிக்கோங்க, நான் எடுத்துடறேன்."

பிரேக்கம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமாக எல்லாரும் சொன்னது இதுதானே. இறங்கிக்கோ, நகர்ந்துக்கோ, நாங்க பார்த்துக்கறோம்.

"பயமாத்தான் இருக்கு சார். அதுக்கு நான் எதுக்கு எறங்கணும்? அதுவும் ஒரு ஓரமா உக்காந்து வரட்டும். நீங்க மட்டும் அந்தப் பக்கத்து பிரேக்குல காலை வெக்காதீங்க."

அதிகாரி காலை இழுத்துக்கொண்டார். அவள் காலை எடுத்தாள். கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. மறு விநாடி முடுக்கியில் கால் போய்ச் சேர்ந்தது, அதை அவள் கண்ணால் பார்த்தாள், நினைவில் பதித்துக்கொண்டாள். கார் மேட்டில் ஏறியது. உச்சியில் ஓரம்கட்டி நிறுத்தினாள்.

"ஒரு சாண் போறதுக்கு விதியில இடம் இருக்கு" என்றார் அதிகாரி, குறித்துக்கொண்டே. "தேறிட்டீங்க."

கடைசியில் ஒரு படிவம். எல்லாரும் வரிசையில் நின்று நிரப்பிக் கொடுத்தார்கள். ஆறாவது கேள்வி: வாகனம் ஓட்டும்போது பயம், பதற்றம் போன்ற உபாதைகள் உண்டா? ஆம், இல்லை. பிரேக்கம்மா "ஆம்" என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அதிகாரி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னு மாத்திடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. ஆமான்னு இருந்தா மேல கேள்வி வரும்."

"கேக்கட்டும். இருக்குன்னு சொல்லிட்டுத்தான உங்க முன்னாடி ஓட்டினேன்? ஓட்டினதும் உண்மை, இதுவும் உண்மை. ரெண்டுக்கும் சேத்துக் கையெழுத்துப் போடுங்க."

"பயம் இருக்கறவங்க எப்படி அடுத்தவங்களுக்குச் சொல்லித்தர முடியும்னு கேப்பாங்க."

"பயமே தெரியாதவன் பக்கத்துல உங்க அம்மாவ உக்கார வெச்சுக் கத்துக்க விடுவீங்களா சார்? அதத் திருப்பிக் கேளுங்க."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை இரண்டு முறை உருட்டினார், மேலே விசிறியைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"அடுத்து" என்றார்.

அடுத்து நின்றது மீசைக்காரர். அவர் கையில் படிவம் தயாராக இருந்தது, நிரப்பி, கையெழுத்தும் போட்டு. நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். அதைச் சின்னதாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சார், எனக்கு வேற படிவம் ஒண்ணு குடுங்க" என்றார். "இதுல ஒரு எடத்துல பொய் எழுதிட்டேன்."

பிரேக்கம்மா தன் பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்க் காரை எடுத்தாள்.